கோப்பைத் தொடாத ஹாஷிம்

ஹாஷிம் இப்போது ஒஸ்லோ நகரசபையில் பெரிய ஆள். எந்த மண்டபம் எந்தச் சங்கத்துக்கு, எந்த விழா எந்த மாதம் என்பதெல்லாம் அவருடைய பண்பாட்டுப் பிரிவில்தான் முடிவாகும். அதற்கு முன் அவர் நாவலாசிரியர். அரபு மொழியில் எழுதிப் பெரிய பரிசு வாங்கியவர். அதற்கும் முன் வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர். ஈராக்கில் பஸ்ராக்காரர்.

அங்கே இடைவேளையில் நாங்கள் கோப்பி குடிப்போம், அவர் எழுதுவார். விடுதியில் அவருடைய அறைக்குப் பூட்டில்லை. எழுதிய தாள்களை என் பெட்டிக்குள்தான் வைப்பார்.

"உம்மட்டைக் குடுத்தால் பயமில்லை இந்திரன். உமக்கு அரபும் வாசிக்கத் தெரியாது, தமிழும் வாசிக்கத் தெரியாது" என்று சிரிப்பார்.

நாங்கள் இருவரும் கதைப்பது நோர்வேஜியத்தில். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். உண்மையைத்தானே சொன்னார், எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு குளிர்காலம் ஒரு நாவல் என் காற்சட்டைகளுக்குக் கீழே கிடந்தது. பிறகு அதற்குப் பரிசு கிடைத்து, அவர் கோட்டுப் போட்டுத் தொலைக்காட்சியில் நின்றபோது என் மனைவி தர்மினி சொன்னாள்: "ஆள் மாறிட்டுது. கை மட்டும் மீன்காரன்ரை கைதான்."

நான் எழுத்துப் படித்தது ஐம்பத்துமூன்று வயதில். வெஸ்ட்லியில் நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில், சனிக்கிழமைகளில், சிறிதேவி தமிழும் நோர்வேஜியமும் சொல்லிக்கொடுக்கிறா. ஒன்பது பேர், துப்புரவு வேலை, சமையலறை வேலை, பஸ் கழுவும் வேலை. இந்த வசந்தத்தில் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: அறையைப் பலர் கேட்கிறார்கள், இலையுதிர்காலத்திலிருந்து வேண்டுமானால் விண்ணப்பியுங்கள் என்று. அறை போனால் வகுப்பும் போய்விடும். எங்களில் ஒருவரும் வீட்டில் தனியே இருந்து படிக்கிற ஆட்கள் இல்லை.

விண்ணப்பத்தை அனுப்பியதோடு எங்கள் வகுப்புத் தலைவர் வரதராசா அண்ணை நிற்கவில்லை. யாரிடமும் கேளாமல், ஹாஷிமின் பழைய படமும் போட்டு நோட்டீஸ் அடித்தார். 'எங்கள் வகுப்பறைக்கு அனுமதி வழங்கவிருக்கும் பண்பாட்டுத் தலைவர், பரிசுபெற்ற நாவலாசிரியர் ஹாஷிம் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பு.' கீழே இதையே நோர்வேஜியத்திலும் போட்டு, எல்லிங்ஸ்ருட் தமிழ்க் கடையிலும் நூலகக் கதவிலும் ஒட்டிவிட்டார்.

அவருடைய மகள் சாருகா பக்கத்து நகரசபையில் வேலை செய்கிறவள். நோட்டீசைக் கண்டதும் நேரே வகுப்புக்கு வந்துவிட்டாள்.

"அப்பா, என்ன செய்துவைச்சிருக்கிறியள்? அவர் இப்ப இன்ஹபீல்!"

"அதென்ன, வருத்தமோ?"

"தெரிஞ்ச ஆக்களின்ரை அலுவலிலை அவர் கை வைக்கக் கூடாது எண்டு சட்டம். அதுதான் இன்ஹபீல். முடிவெடுக்க முதலே பொன்னாடை எண்டால் லஞ்சம் எண்டுதான் நினைப்பினம்."

"பொன்னாடை லஞ்சமோ? அதை வைச்சு அந்த மனுசன் என்ன செய்யிறது?" என்றார் அண்ணை. "எங்களிலை முதல் மாலை, பிறகுதான் அலுவல்."

எங்களோடு படிக்கிற யோசெப்பின் அக்கா எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடி வைத்தா.

அவர் ஒட்டியதையெல்லாம் அன்றே நான் கிழித்தேன். திங்கட்கிழமை வேலை முடிய, ஒரு நோட்டீசை மடித்துக்கொண்டு நகரசபையில் ஹாஷிமின் கந்தோருக்குப் போனேன். அவர் விரித்துப் பார்த்தார்.

"இந்தப் படத்திலை எனக்குத் தலைமயிர் இருக்கு" என்றார். பிறகு கதவைச் சாத்தினார். "உங்கடை விண்ணப்பம் வந்த அண்டைக்கே நான் விலகிட்டன். இதிலை படிக்கிற இந்திரன் என்ரை நாவலைக் காவல் காத்தவர், நான் இதிலை முடிவெடுக்க ஏலாது எண்டு எழுதிக் குடுத்தாச்சு. நான் அந்தக் கோப்பைத் தொடேல்லை. முடிவு வருமட்டும் இதைப்பற்றி நான் கேக்கவும் ஏலாது, நீர் சொல்லவும் ஏலாது."

"அப்ப ஆர் பாக்கிறது?"

"அதையும் சொல்ல மாட்டன். கோப்பி குடிச்சிட்டுப் போம்."

இனி எங்களை அறியாத ஒருவர்தான் தீர்மானிக்கப் போகிறார். விண்ணப்பத்தோடு இன்னும் ஒரு கடிதம் சேர்க்கலாம் என்று சாருகா சொன்னாள். ஒன்பது பேரும் ஆளுக்கொரு வரி எழுதினோம். அவள் கீழே நோர்வேஜியத்தில் எழுதினாள். யோசெப்பின் அக்கா, 'மருந்துப் போத்தலில் என் பெயரை நானே வாசித்தேன்' என்று எழுதினா. நான், 'சனிக்கிழமைகளில் எனக்கு முதுகு நோவதில்லை' என்று எழுதினேன். வரதராசா அண்ணை எழுதியது ஒரு பக்கம் வந்தது. சாருகா அதில் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினாள்.

ஐந்து கிழமை கழித்துக் கடிதம் வந்தது. சனிக்கிழமை நடனக் குழு ஒன்றுக்குப் போய்விட்டது. எங்களுக்கு ஞாயிறு பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை.

"ஞாயிறு மனுசர் நித்திரை கொள்ளுறேல்லையோ?" என்றார் அண்ணை.

"நீங்கள் சனிக்கிழமையும் நித்திரைதானே கொள்ளுறனீங்கள், கதிரையிலை இருந்து" என்றா சிறிதேவி.

நான் வெளியே வந்து ஹாஷிமுக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கடிதம் கையிலை இருக்கோ?"

"இருக்கு."

"கந்தோரிலை எல்லாருக்கும் தெரியும் போலை. எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. நான் வந்தால் கதையை மாத்துகினம். சொல்லுமன்!"

"பொறும், வாசிக்கிறன்" என்றேன்.

திகதியிலிருந்து தொடங்கினேன். கோப்பு இலக்கம், பொருள், மதிப்புக்குரியவர்களே. என் வாசிப்பு மெதுவானது. ஒரு சொல்லில் நின்று திரும்பவும் தொடங்கினேன். 'அறை வழங்கப்படுகிறது' என்ற இடம் வந்ததும் அந்தப் பக்கத்தில் அரபில் ஏதோ ஒரு கூச்சல் கேட்டது.

"மிச்சத்தையும் வாசியும்."

"மிச்சம் கதவுத் திறப்பு எங்கை வாங்கிறது எண்டதுதான்."

"அதையும் வாசியும்."

வாசித்தேன்.