பொறுமைக்கு ஒரு ஜெபம்

ஆன்ஸ்லினுக்கு ஒரு வருஷமாகவே உடம்பில் ஏதாவது ஒன்று வந்துகொண்டிருந்தது. ஜலதோஷம் பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. வாய்ப்புண் ஆறினால் கண்கட்டி, அது போனால் தொண்டைக்கட்டு. நோய்களெல்லாம் தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டு வருவதுபோலத்தான் இருந்தது. இந்த முறை வந்தது அக்கி. முதுகிலிருந்து இடது விலாவைச் சுற்றிச் சிவந்த கொப்புளங்கள். நைட்டி உரசினால்கூடக் கண்ணில் தண்ணீர் வந்தது.

பக்கத்து வீட்டுப் பகவதி, பானை செய்யும் வேளாரிடம் போய்க் கொப்புளத்தின்மேல் காவி எழுதி மந்திரித்துக்கொள்ளச் சொன்னாள். ஆன்ஸ்லின் போகவில்லை. சபையில் தெரிந்தால் அதற்கென்று தனியாக ஒரு ஜெபம் வைத்துவிடுவார்கள். பகவதியை மாமிக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டு, தக்கலையில் பஸ் ஏறிக் கோட்டாறில் டாக்டர் ஆதிராவிடம் போனாள்.

"சின்னதுல அம்மை போட்டுருக்கா?" என்று டாக்டர் கேட்டாள்.

"ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போ போட்டுது."

"அந்தக் கிருமி அப்பவே போயிருக்காது. நரம்புக்குள்ள சத்தம் காட்டாம கெடக்கும். உடம்புல உள்ள எதிர்ப்புச் சக்தி அத அமுக்கி வச்சிருக்கும். அது தளந்தா தலைய நீட்டும். உங்களுக்கு சுகர் இல்ல, ரத்தமும் சரியாத்தான் இருக்கு. வீட்டுல என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"உறக்கம் உண்டா?"

ஆன்ஸ்லின் சிரித்தாள். சிரிக்கும்போது விலா எரிந்தது. பிறகு மெதுவாக, மாமி தங்கபாய்க்குப் பக்கவாதம் வந்து கிடப்பதையும், புரட்டிப் போடுவதிலிருந்து கஞ்சி ஊட்டுவதுவரை தான் ஒருத்திதான் என்பதையும் சொன்னாள்.

"கவலைன்னா மனசோட நிக்கும்னு நெனைக்காதீங்க. நாள்பட்டா உடம்போட காவலையும் தளத்திப்போடும். அதுமட்டுந்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா மாசாமாசம் ஒரு சீக்குன்னு வாறீங்களே. மருந்து தாறேன். கொஞ்ச காலம் அவங்களப் பாக்க வேற ஆளு வைங்க."

வேற ஆளா? ஆன்ஸ்லினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர்கள் பக்கத்தில் குடும்ப வீடு இளைய மகனுக்கு. அந்த வீட்டோடு தாய் தகப்பனும் அவனுக்கு. தங்கபாய்க்கு இளையவன் ஆன்ஸ்லினின் புருஷன் ஜெபிஷ். எனவே வீடு ஜெபிஷுக்கு வந்தது, ஜெபிஷ் மஸ்கட்டுக்குப் போனான், தங்கபாய் ஆன்ஸ்லினுக்கு வந்தாள். அவன் வீடியோவில் வரும்போதெல்லாம், "நீ இருக்கது கொண்டுதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்" என்பான். அந்த நிம்மதியில் ஒரு கரண்டியாவது தனக்குக் கிடைக்காதா என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். சொல்ல மாட்டாள்.

சொல்ல முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. போன வருஷம் சபை விருந்தான அசனத்தன்று ஆலயத்தில் சாட்சி சொல்ல எழுந்து, "மாமியப் பாக்கது எனக்கு பாரம் இல்ல, பாக்கியம்" என்றிருந்தாள். அன்றைக்கு அது உண்மைதான். ஆனால் மைக்கில் சொல்லிவிட்டாளே! அதன்பிறகு சபையில் எந்த மருமகள் முகம் சுளித்தாலும் ஆன்ஸ்லினைக் காட்டினார்கள். தான் சொன்ன சொல்லுக்குள் தானே பூட்டப்பட்டுக் கிடந்தாள் அவள்.

அக்கி என்று கேள்விப்பட்டதும் பெண்கள் சங்கத்தார் ஜெபிக்க வந்தார்கள். ஜெபிஷின் அக்கா அஜிஷாவும் ஆப்பிளும் ஆரஞ்சுமாக அஞ்சுகிராமத்திலிருந்து வந்திருந்தாள். வந்ததும் அம்மாவின் அறைக்குள் எட்டிப் பார்த்து, இரண்டு வாய் ஆப்பிள் ஊட்டப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "துப்புகா. அம்மைக்கு உன் கைதான் வேணும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை ஆன்ஸ்லின் பார்த்தாள். அக்காவுக்கும் தம்பிக்கும் எங்கிருந்துதான் இவ்வளவு நிம்மதி கிடைக்கிறதோ!

எல்லோரும் பாயில் முழங்கால் போட்டார்கள். ஸ்மைலின் டீச்சர் கண்ணை மூடி ஆரம்பித்தாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் சகோதரி ஆன்ஸ்லினை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவளுக்கு இன்னும் அதிகமான பொறுமையைத் தாரும். தன் மாமியாருக்கு இன்னும் அதிகமாய் ஊழியம் செய்யக் கிருபை தாரும்..."

"தாரும் ஆண்டவரே" என்றார்கள் மற்றவர்கள்.

"வேண்டாம் டீச்சர்."

டீச்சர் கண்ணைத் திறந்தாள். ஜெபத்தின் நடுவே யாரும் பேசி அவள் கேட்டதில்லை.

"பொறுமை எனக்கு வேண்டாம்" என்றாள் ஆன்ஸ்லின். ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. "இருந்த பொறுமையெல்லாந்தான் இப்ப முதுகுல கொப்புளமா நிக்கு. ஆண்டவர்கிட்ட ஒரு ஆளத் தரச் சொல்லுங்க. நான் படுக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

ஆள் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அஜிஷா முகம் சிவந்து எழுந்தாள்.

"என்னத்துக்கு என்னப் பாத்துச் சொல்லுக? நான் பாக்க மாட்டேன்னா சொன்னேன்? வீடு தம்பிக்குல்லா. அம்மைய நான் கொண்டுபோனா ஊரு சிரிக்காதா? அதுவும் அம்மைக்கு இவ கையில தின்னாத்தானே எறங்கும்..."

"அஜீ."

உள்ளேயிருந்துதான் வந்தது. பக்கவாதம் வந்தபிறகு தங்கபாய் வாயிலிருந்து 'ம்' என்பதும் 'வேண்டாம்' என்பதும் தவிர வேறு வந்ததில்லை. அஜிஷா திரைச்சீலையை விலக்கினாள். கிழவி நன்றாயிருந்த கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோணிய வாயை எப்படியோ அடக்கி, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள்.

"என்னக்... கூட்டிட்டுப் போ. இவ... ஒறங்கட்டு."

இத்தனை காலம் துடைத்தும் கழுவியும் வராத அன்பு அந்த நிமிஷம் மாமிமேல் ஆன்ஸ்லினுக்கு வந்தது. எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்றிருந்தது. கால் எழவில்லை. சுவரில் வலது தோளைச் சாய்த்துக்கொண்டாள்.

அஜிஷா கட்டிலருகில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து, "மக்கா, ராத்திரி மாத்திரை எது? சாப்பாட்டுக்கு முன்னயா, பொறவா?" என்று கேட்டாள்.

ஸ்மைலின் டீச்சர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். ஆன்ஸ்லின் வாயைத் திறந்தபடி உட்கார்ந்த இடத்திலேயே உறங்கிப்போயிருந்தாள்.