தறிக்கூடத்துப் பேச்சு

எங்கள் தறிக்கூடத்தில் தொண்டையைத் திறந்து பேசுகிறவள் பைத்தியக்காரி. நீராவி எஞ்சின் ஓட ஆரம்பித்தால் அத்தனை தறிகளும் ஒன்றாக அடிக்கும். கத்தினால் கத்தியவளுக்கே கேட்காது. அதனால் உதட்டை மட்டும் அசைப்போம். நாலு தறி தள்ளி நிற்பவளோடு ஊர் வம்பு முழுக்க அப்படித்தான் பேசித் தீர்ப்பேன். மேஸ்திரிக்கு ஒன்றும் புரியாது. அவர் வண்டவாளத்தை அவர் முன்னாலேயே அலசுவோம், ஆசாமி சிரித்துக்கொண்டே போவார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் எனக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. பேசுகிறவர் முகம் தெரிந்தால் போதும், உதட்டைப் படித்துக்கொள்வேன். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பாதிக் கூலிக்கு வருவோம் என்று பெண்களாகப் பார்த்துத்தான் மில்லில் எடுத்தார்கள். ஆண்களுக்கு இங்கே வேலை இல்லாமல் போயிற்று. என் வீட்டுக்காரர் சுரங்க வேலைக்குப் போனார். போனவர் போனவர்தான்.

மிஞ்சியது நானும் மகளும், மில்காரர்கள் கொடுத்த ஒற்றை அறையும். பகலில் பக்கத்து அறை அக்கா அவளைப் பார்த்துக்கொண்டாள். மில்லுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஏழெட்டு அந்த அக்காவிடம்தான் கிடக்கும்.

"உன் பொண்ணு தங்கம்டி. வாயே தெறக்க மாட்டா" என்பாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். ஏனென்றால் நான் வீட்டுக்குள் கால் வைத்ததுமே மகள் ஆரம்பித்துவிடுவாள். என் மடியில் ஏறி, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, பூனை என்ன செய்தது, யார் யாரைக் கடித்தார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். விளக்கை அணைக்க விடமாட்டாள். இருட்டில் உதடு தெரியாதே! சரியான வாயாடி. மில்லுக்கு வெளியே எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை அவள்தான்.

ஐந்து வயதானதும் மில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே சேராத பிள்ளைகளைத் தறிக்கு அடியில் பஞ்சு பொறுக்க அனுப்பிவிடுவார்கள். ஓடுகிற தறிக்கு அடியில்தான். விரல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் பிள்ளை அங்கே குனியக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

டீச்சரம்மா பேரைக் கேட்டார். மகள் அழகாகச் சொன்னாள். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள்.

"அதான் ரெண்டு தடவ சொல்லிட்டாளே! காது கேக்கலயா உங்களுக்கு?" என்று எகிறினேன். இதைக் கேட்டது யார் பாருங்கள், காது போன நான்.

டீச்சரம்மா எழுந்து வந்து என் கண்ணெதிரே நின்றார். "வாய் மட்டுந்தாம்மா அசையுது. சத்தம் வரல. ஊமப் பிள்ளைய நாங்க சேத்துக்கிறதில்ல."

மகளின் கழுத்தில் கை வைத்து, "இப்ப சொல்லு" என்றேன். சொன்னாள். என் கைக்குள் ஒன்றும் அதிரவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவைப் பிடித்து உலுக்கினேன். "இவ அழுறப்ப சத்தம் வருதா?"

"ஊரையே கூட்டுவா. சிரிச்சாலும் சத்தம் வரும். பேச்சுதான் வரல. ஊமைன்னு உன் மூஞ்சியப் பாத்து எப்படிடி சொல்றது? நீயும் வீட்டுல சும்மா வாயத்தானே அசைக்கிற!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியாட்களிடம் தொண்டையைத் திறக்கிற நான், வீட்டில் மகளிடம் தறிக்கூடத்துப் பேச்சையே பேசியிருக்கிறேன். அக்கா வீட்டில் எத்தனை சத்தம் கேட்டாலும், தான் பேசுவதென்றால் இதுதான் என்று பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது. மில்லைத் திட்டினேன், முதலாளியைத் திட்டினேன். சத்தம் வந்ததோ என்னவோ.

கெஞ்சிய கெஞ்சலில் டீச்சரம்மா ஒரு மாதம் கொடுத்தார், அதற்குள் பிள்ளை சத்தமாகப் பேச வேண்டும். வழி ஒன்றுதான். மகளின் உதட்டை நான் பார்க்கக் கூடாது. வேலை விட்டு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். அக்கா வாசலில் நின்று, "சத்தமா கூப்பிடு, அப்பத்தான் அம்மா திரும்புவா" என்று சொல்லிக்கொண்டிருப்பது என்று ஏற்பாடு. மகள் முன்னால் ஓடி வருவாள். கண்ணை மூடிக்கொள்வேன். பிஞ்சு விரலால் இமையைப் பிரிப்பாள், கன்னத்தைத் திருப்புவாள், முதுகில் குத்துவாள். அக்கா தோளைத் தட்டும்வரை நான் திரும்பக் கூடாது. நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, இருந்த ஒரு பேச்சையும் விட்டுவிட்டுச் சுவரோடு உட்கார்ந்திருந்தேன். தனியாகத்தான் இருந்தது, ரொம்பத் தனியாக. அவளுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? பாவி, நான் அசையவில்லை.

ஒரு சாயங்காலம் இழுப்பதும் குத்துவதும் நின்றன. தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தேன். தோளில் அடி விழுந்தது. அக்கா கண்ணெல்லாம் தண்ணீராக நின்றாள்.

"கூப்பிட்டாடி! அம்மான்னு! தெருவே திரும்பிப் பாக்குது!"

திரும்பினேன். மகள் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கூடிவிட்ட பிள்ளைகளிடம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்தது அவள் முதுகுதான். பள்ளிக்கூடம் கிடைத்துவிடும், பஞ்சு பொறுக்க வேண்டாம். சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான்.

"எப்படிக்கா இருக்கு அவ குரல்?" என்று கேட்டேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படியே உன் குரல்டி" என்றாள்.

தலையாட்டினேன். என் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துபோய் வருஷக்கணக்காகிவிட்டது.