சாம்பல் நிற மூடி

பட்டறையில் அவனை மைக்ரான் என்றுதான் கூப்பிட்டார்கள். டீ கிளாஸ் கொஞ்சம் குறைந்திருந்தாலும் "ஒரு மைக்ரான் கம்மி" என்று சொல்வான். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். பதினேழு வருடமாக ஒரே மில்லிங் மெஷின் முன்னால் நிற்கிறான். பட்டறை அவன் மனைவியின் அண்ணனுடையது. வீட்டில் பார்த்தால் மச்சான் "வாங்க மாப்ளே" என்பார். பட்டறைக்குள் அந்த "ங்க" இருக்காது.

அந்த மாதம் ஒரு பொத்தான் கம்பெனி, ஆர்டர் கொடுக்கும் முன் பார்க்க மாதிரி கேட்டிருந்தது. நாணயம் அளவுள்ள அலுமினிய வில்லைகள். ஒவ்வொன்றும் ஒரு பொத்தானுக்கு அச்சு. வில்லையின் விளிம்பைச் சுற்றி நாற்பத்தெட்டு மெல்லிய கோடுகள் வெட்ட வேண்டும். கோட்டின் அகலம் அரை மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய கட்டர் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்றால்தான் ஒழுங்காக வெட்டும். அவன் மெஷினின் உச்ச வேகம் இரண்டாயிரத்து நானூறு. முதல் நாள் மட்டும் ஒன்பது கட்டர் ஒடிந்தது.

"இந்த ஆர்டர் மட்டும் வரட்டும். பின்னாடி ரூமைக் காலி பண்ணி, சின்ன அச்சு வேலைக்குன்னு தனியா வெச்சிடறேன். இன்சார்ஜ் நீதான்" என்று மச்சான் சொல்லியிருந்தார்.

நாற்பத்து நாலு வயதில் அவன் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். பட்டறையில் மச்சானைக் கேட்காமல் ஒரு முடிவு எடுக்கக்கூடிய ஒரு மூலை.

அவன் தம்பி தச்சன். மர அலமாரிகளின் விளிம்பை உருட்டவும் பள்ளம் போடவும் கையடக்கமான ஒரு ரூட்டர் வைத்திருந்தான். முப்பதாயிரம் சுற்று ஓடும். "ஒரு வாரம் குடு" என்று மைக்ரான் கேட்டான்.

"அண்ணே, என்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்" என்றான் தம்பி. ஆனாலும் கொடுத்தான்.

மைக்ரான் ஒரு அலுமினியக் கட்டையைக் குடைந்து கிளாம்ப் செய்தான். அதன் ஒரு துளை மெஷினின் தலையிலிருந்து இறங்கும் உருளையைக் கவ்வியது. மறு துளை ரூட்டரின் கழுத்தைக் கவ்வியது. இனி கட்டரைச் சுழற்றும் மெஷினின் சொந்த ஸ்பிண்டில் சுற்ற வேண்டியதில்லை. ரூட்டர் சுற்றும், மெஷின் அதை ஆட்டமில்லாமல் ஏற்றி இறக்கினால் போதும். ரூட்டரின் பேரிங்கை மாற்றினான். மோட்டார் தலைப்பக்கம் காற்றை இழுத்து அடிப்பக்கம் ஊதும். அந்தக் காற்றே வெட்டிய தூளையும் தள்ளிவிடும். தலையில் இருந்த துளைகள் வழியாக அலுமினியத் தூள் போகாமலிருக்க ஒரு டீ வடிகட்டியின் வலையை வெட்டிக் கட்டினான்.

மச்சான் சுற்றி வந்து பார்த்தார். "என்ன மாப்ளே, மரப்புழுவைக் கொண்டாந்து இரும்புல மேய விடறே?"

கடைசல்காரர் லேத்திலிருந்து தலையைத் திருப்பாமலே, "ராத்திரி மேசையைத் தின்னுடப் போகுது. பூட்டி வெச்சிட்டுப் போங்க" என்றார்.

ஒரு வில்லைக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. ஒரு கட்டர்கூட ஒடியவில்லை. கோடுகளில் பிசிறு இல்லை. மச்சான் வில்லையை லென்ஸில் பார்த்தார், பிறகு துணியில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மாலை பொத்தான் கம்பெனியோடு அவர் போனில் பேசியது எல்லாருக்கும் கேட்டது. வெளிநாட்டு ஹை ஸ்பீட் ஸ்பிண்டில் போட்டிருக்கிறோம் என்றார்.

மறுநாளே கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மாதிரி நன்றாக இருக்கிறது, ஸ்பிண்டிலை நேரில் பார்க்க வருகிறோம்.

"மேலே ஒரு தகர மூடி போட்டுடு. சாம்பல் பெயிண்ட் அடி. வெளிய ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்" என்றார் மச்சான்.

"மூடினா ரூட்டருக்கு மூச்சு முட்டும் மச்சான். அது ஊதற சூட்டுக் காத்து உள்ளேயே சுத்தும். பின்பக்கமாவது நாலு ஓட்டை போட்டுக்கறேன்."

"ஓட்டை வழியா மரக்கடை மெஷின் எட்டிப் பார்க்கும். வர்றவங்க வந்து ரெண்டு வில்லை பார்ப்பாங்க, டீ குடிப்பாங்க, போயிடுவாங்க. அரை மணி நேரம் தாங்காதா?"

மைக்ரான் மூடியைச் செய்தான். செய்வதென்று வந்துவிட்டால் அவனுக்கு மோசமாகச் செய்யத் தெரியாது. மூலைகளை மழுக்கி, மடிப்புத் தெரியாமல் சேர்த்து, நாலு திருகில் நிறுத்தினான். மாட்டி ஓட்டிப் பார்த்தான். இருபத்தைந்தாவது நிமிடம் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. இரண்டு வில்லைக்குத் தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வந்தவர் கம்பெனியில் அச்சும் கருவியும் செய்யும் டூல்ரூமைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், காதில் பென்சில், கையில் சொந்த லென்ஸ். டீ வேண்டாமென்று சொல்லிவிட்டு நேராக மெஷினுக்கு வந்தார்.

"இந்த செட்டப் எங்க வாங்கினது?"

"வெளிநாடு மேடம்" என்றார் மச்சான்.

அந்த அம்மா அவரைப் பார்க்காமல் மைக்ரானைப் பார்த்தார். "அப்படியா?"

கிளாம்பைக் குடைய மட்டும் அவனுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது. அதை மனைவியிடம் காட்ட வீட்டுக்குக்கூட எடுத்துப் போயிருந்தான். இப்போது ஆமாம் என்று தலையாட்டினான்.

முதல் வில்லை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அந்த அம்மா லென்ஸை எடுத்துப் பார்த்து, "நல்லாருக்கு. ஒரு ஆறு வில்லை தொடர்ந்து ஓட்டுங்க. சூடானா அளவு மாறுதான்னு பாக்கணும்" என்றார்.

"தாராளமா" என்றார் மச்சான்.

நிறுத்தும் பொத்தான் மைக்ரானின் இடது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மோட்டார் ஆறட்டும் என்று சொல்லியிருக்கலாம். கட்டர் மாற்ற வேண்டும் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். மச்சான் அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்று, ஓட்டு என்று புருவத்தால் காட்டினார். மைக்ரான் மூன்றாவது வில்லையை மாட்டினான்.

நான்காவதில் வாடை வந்தது. பெயிண்ட் வாடை என்று நினைத்துக்கொள்ள ஒரு நிமிடம் முயன்றான். பிறகு சத்தம் இறங்கியது, கட்டர் ஒடிந்தது, மூடியின் விளிம்பில் புகை கோடாக வழிந்தது. அப்போதுதான் அவன் கை அந்தப் பொத்தானுக்குப் போனது.

கடைசல்காரர் லேத்தை நிறுத்தினார். அந்த அம்மா மேசையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து, தகரம் சுட்டதால் கைக்குட்டையை வைத்துப் பிடித்து, நாலு திருகையும் தானே கழற்றினார். உள்ளே தம்பியின் ரூட்டர் இருந்தது. அதன் கைப்பிடியில் மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது.

"இந்த கிளாம்ப் யார் பண்ணது?"

"இவன்தான் மேடம்" என்றார் மச்சான். "எல்லாம் இவன் வேலை. இதெல்லாம் வேண்டாம்னு நான் ஆரம்பத்துலயே சொன்னேன். தங்கச்சி புருஷன், ஒண்ணும் சொல்ல முடியல."

அது அவன் செய்தது என்று மச்சான் மற்றவர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மா கிளாம்பின் துளைக்குள் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். "அருமையா போட்டிருக்கீங்க. நாங்களும் ஆறு வருஷம் இந்த மாதிரி ரூட்டர்லதான் ஓட்டினோம். இதைக் காட்டியிருந்தாலே ஆர்டர் குடுத்திருப்பேன்." வலையைத் தொட்டுப் பார்த்தார். "வலை கட்டத் தெரிஞ்சவருக்கு, மூடினா என்னாகும்னு தெரியலையா?"

"தெரியும்" என்றான் மைக்ரான்.

"மூடி யார் போட்டது?"

"நான்தான்."

அவர் லென்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தெரியாம பண்றவங்களுக்குச் சொல்லிக் குடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னார். முடிந்திருந்த மூன்று வில்லைகளையும் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மச்சான் வாசல்வரை அவர் பின்னாலேயே பேசிக்கொண்டு போய்த் திரும்பினார். "பதினேழு வருஷமா உன்னை வெச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் போகவில்லை. அன்று முழுவதும் மாப்ளே என்றும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் தம்பி வந்தான். இரண்டு நாளாகக் கதவு விளிம்புகளை உப்புத்தாளால் கையாலேயே தேய்த்ததில் விரல் நுனிகள் சிவந்திருந்தன. மறுநாள் காலையில் ஒரு வீட்டுக்கு அலமாரி கொடுத்தாக வேண்டும். ரூட்டரை வாங்கி, வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனான். மோட்டார் போய்விட்டதைக் கருகிய வாடையே அவனுக்குச் சொல்லிவிட்டது.

"வேற வாங்கித் தரேன்" என்றான் மைக்ரான்.

"நாளைக்குக் காலைலயா?"

தம்பி ரூட்டரின் தலைப்பக்கம் கட்டியிருந்த வலையை விரலால் தடவினான்.

"இது நீ கட்டினதா?"

"ம்."

"நல்ல யோசனை அண்ணே. மரத்தூளுக்கும் ஆகியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, வயரைச் சுற்றி ரூட்டரைப் பைக்குள் போட்டான்.