பேபி லைனில் கன்னையன் அடித்த டார்ச்

கன்னையன் தான் செய்த டார்ச்சை முதல் தடவை அடித்துப் பார்த்தது ராயபுரத்தில், தன் வீட்டு வாசலில், பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு. எதிர்வீட்டுச் சுவரில் போன வருசம் பூசின பச்சைப் பெயிண்ட் அன்றைக்கே வெளுத்துவிட்டது. சுவரில் இருந்த பல்லிக்கு மூன்று நாள் கண் தெரியவில்லை. நம்பாதவர்கள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம். பல்லியைக் கேட்க முடியாது, அது குடிமாறிவிட்டது.

விலைக்கு வாங்கினது பசை மட்டும்தான். மற்றதெல்லாம் பழைய இரும்புக்கடைச் சரக்கு. செத்துப்போன தெருவிளக்கில் கழற்றின நூறு வாட்ஸ் எல்.இ.டி. சிப்பு. அடிபட்ட எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரியைப் பிரித்து, உயிர் இருந்ததாகப் பார்த்துப் பொறுக்கின இருபத்தெட்டு செல். சூட்டைத் தணிக்க, பழைய கம்ப்யூட்டரின் அலுமினியக் கட்டியும் குட்டி ஃபேனும். வெளிச்சத்தைக் குவிக்க, நூல் சுற்றி வருகிற பிளாஸ்டிக் கோனின் உள்பக்கம் ஒட்டின அலுமினியத் தாள். பிடித்துக்கொள்ள அயர்ன்பாக்ஸ் கைப்பிடி. எடை நாலு கிலோ. மூன்று மாசம் உட்கார்ந்து செய்தான்.

வேலை பார்த்தது ஒரு பனியன் கம்பெனியில், மெக்கானிக். மெசின் ரிப்பேரோடு நீடில் கொடுக்கிற பொறுப்பும் அவனுடையது. அந்தப் பொறுப்பு லேசுப்பட்டதல்ல. குழந்தைத் துணி தைக்கிற லைனில் ஒரு ஊசி உடைந்தால், அடித்துண்டு, முனை இரண்டையும் தேடிக் கொண்டுவர வேண்டும். நோட்டில் தேதி போட்டு இரண்டையும் டேப் வைத்து ஒட்டினால்தான் புது ஊசி. முனை கிடைக்காவிட்டால் சுற்றியுள்ள துணியெல்லாம் அழிவு.

அடித்துண்டு மெசினிலேயே நிற்கும். முனைதான் பறந்துவிடும். அரைமணி நேரம் தேடியும் சிக்கவில்லையென்றால், கன்னையன் தன் டப்பாவிலிருந்து பழைய ஊசி ஒன்றை எடுத்து முனையை ஒடித்து ஒட்டிவிடுவான். லைன் ஓடும். டெய்லர்கள் கும்பிடுவார்கள். நாலு வருசத்தில் அப்படி ஒட்டினது பதினெட்டு. வேறு ஒரு ஆத்மாவுக்குத் தெரியாது.

அன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு நாகஜோதியின் ஓவர்லாக் மெசினில் ஊசி உடைந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெண், சேர்ந்து ஏழே மாசம். உடைந்த நேரம் பார்த்து அவள் பின்னால் நின்றது சரக்கு வாங்குகிற பையர் ஆபீசிலிருந்து இன்ஸ்பெக்சனுக்கு வந்த சாரதாமணி. கையில் பூதக்கண்ணாடி.

"முனை எங்கம்மா?"

"தெறிச்சிட்டுங்க மேடம்."

காந்தத்தை வைத்துத் தடவினார்கள், கிடைக்கவில்லை. புரொடக்சன் மேனேஜர் அருள்குமார் வேர்த்து வழிந்தான். "ஒரு மணி வரைக்கும்தான் பார்ப்பேன். அப்பறம் நீ கணக்கை முடிச்சுட்டு ஊருக்குப் பஸ் ஏறிக்க" என்றான் நாகஜோதியிடம்.

அவள் கன்னையன் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, எப்பவும் நீங்கதான கண்டுபிடிச்சிக் குடுப்பீக?"

டப்பா வேலை இன்றைக்கு நடக்காது. அந்தம்மா பூதக்கண்ணாடி வைத்து இரண்டு துண்டையும் உடைந்த வாயோடு வாய் சேர்த்துப் பார்ப்பாள். நிஜமான முனைதான் வேண்டும். கன்னையனுக்கு நெஞ்சுக்குள் ஓவர்லாக் ஓடியது.

"அழுகாத கண்ணு. அஞ்சு நிமிசம்" என்று சொல்லிவிட்டு வெளியே நின்ற தன் ஸ்கூட்டரிலிருந்து டார்ச்சைத் தூக்கி வந்தான்.

"ஏனுங்க, இது என்ன பீரங்கியா?" என்றாள் சாரதாமணி.

"லைட்டுங்க. டியூப்லைட்டெல்லாம் அமத்துங்க, சன்னலைச் சாத்துங்க. யாரும் நேரா பாத்துராதீங்க."

டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து சுவிட்சைப் போட்டான். வெளிச்சம் டைல்ஸ் மேல் வெள்ளமாக ஓடி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது. அருள்குமாரின் தலைச்சாயம் என்ன விலைச் சரக்கு என்று கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. பஞ்சுத் தூசு ஒவ்வொன்றுக்கும் ஒரு முழ நிழல்.

நாகஜோதியின் மெசின் காலடியில், டைல்ஸ் இடுக்கில் குத்திக்கொண்டு, ஒன்று மின்னியது.

"கெடச்சிட்டு!" என்று கத்தினாள்.

சாரதாமணி இடுக்கியால் பிடுங்கி அடித்துண்டோடு சேர்த்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. லைன் மொத்தமும் கைதட்டியது. கன்னையன் சிரிக்கப்போன வாயோடு தரையைப் பார்த்தான்.

அடுத்த இடுக்கில் இன்னொன்று மின்னியது. பேட்லாக் மெசின் அடியில் இரண்டு. தூணோரம் ஒன்று. ஊர்ப்பட்ட வெளிச்சத்தில், மார்கழி வானம் கீழே இறங்கிக் கிடப்பதுபோல் இங்கொன்றும் அங்கொன்றுமாக. கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது.

சாரதாமணி குனிந்து குனிந்து பொறுக்கினாள். நாகஜோதியின் முனை போக பதினேழு.

"காலைல பாத்தனே, நோட்டுல எல்லா முனையும் ஒட்டியிருக்குது. அப்ப இதெல்லாம் யாருதுங்க?"

அருள்குமார் முந்திக்கொண்டான். "டெய்லருங்க கள்ளத்தனம் மேடம். ஊசி உடைஞ்சா சொல்லாம, நீடிலை வெளிய வாங்கியாந்து போட்டுக்குவாங்க. அந்தப் புள்ளையவே கேளுங்க."

நாகஜோதியின் முகத்தில் ரத்தமே இல்லை. கன்னையன் வாயைத் திறந்தால், மெக்கானிக் வேலையில் முப்பது வருசமாக எடுத்த பேர் போகும். திறக்காவிட்டால் இவள் போவாள்.

"நான்தானுங்க" என்றான். "ஒட்டினது பொய் முனைங்க. பதினெட்டு."

சாரதாமணி கையிலிருந்ததை மறுபடி எண்ணினாள். டார்ச்சின் குட்டி ஃபேன் மட்டும் ஓடியது.

"பதினெட்டா? இங்க பதினேழுதானுங்க இருக்குது."

நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். கன்னையன் விரல்விட்டு ஒவ்வொரு பொய்யாகக் காட்ட, அவள் ஒவ்வொரு முனையாக அடித்துண்டில் சேர்த்துப் பார்த்தாள். பதினேழும் அதனதன் துண்டில் உட்கார்ந்தன. ஒரே ஒரு துண்டு மிச்சம். பக்கத்தில் அவன் கையெழுத்திலேயே மார்ச் பதினாலு.

மறுபடி டார்ச்சை அடித்தார்கள். மெசின்களைத் தூக்கி அடித்தார்கள். வேஸ்ட் மூட்டையைக் கொட்டி அடித்தார்கள். இல்லை.

"சரி, பயப்படாதீங்க" என்றாள் சாரதாமணி. அவள் குரல்தான் பயந்திருந்தது. "துணிக்குள்ள போயிருந்தாலும் பேக்கிங்ல நீடில் டிடெக்டர் மெசின் கத்தியிருக்கும். விட்டிருக்காது."

கன்னையன் டைல்ஸ் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த வாரம் டிடெக்டர் ரிப்பேருங்க. என்ற டேபிள்ல கழட்டிப் போட்டிருந்தேன். அவசரம்னு துணிப் பொட்டி அப்படியே போச்சுங்க."

பெட்டியை அனுப்பச் சொன்ன அருள்குமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன சைஸ் அண்ணாச்சி?" என்று நாகஜோதி கேட்டாள், மெதுவாக.

"ஆறு மாசக் கொழந்தைக்கு."

சாரதாமணி போனை எடுத்தாள். நம்பரைத் தேடிக்கொண்டே, "கடையிலிருந்து எல்லாத்தையும் திருப்பி எடுக்கச் சொல்லணும். யாரு சொன்னதுன்னு கேப்பாங்க" என்றாள்.

"கன்னையன்னு சொல்லுங்க" என்றான். "ஊசி குடுக்கறவன்னு சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க, சாமி."