கடற்பாசியில் ஒரு கட்டைவிரல்

1
இந்தக் கதை எறும்பிலிருந்து வந்தது. நோன்பு திறக்க வைத்திருந்த கடற்பாசி இனிப்புத் தட்டை எங்கள் வீட்டில் எறும்பு மொய்த்தது. தட்டைக் கழுவாமல் பேனாவை எடுத்தேன். அதற்கு வாங்கிய ஏச்சு தனிக்கதை.

2
மாத்தளை மலைகளில் மூடுபனி இறங்கிய அந்த... சீ, வேண்டாம். கைரேகைக்கும் மூடுபனிக்கும் என்ன சம்பந்தம்?

1961, நோன்பு மாதம். சாலிஹ் மாத்தளையில் கைரேகைப் பயிற்சி பெறும் பொலிஸ்காரன், புதுமாப்பிள்ளை. "கள்ள ரேகையப் பிடிக்கணும்னா ஒருதரமாவது செஞ்சு பாத்திருக்கணும்" என்பது பயிற்சி அதிகாரி கணபதியின் கட்சி. பரீட்சையும் அதுதான். ஒரே விரலின் அசலும் போலியும் இரண்டு கண்ணாடித் துண்டுகளில் வேண்டும். எது போலி என்று தெரியாமல் கணபதி ஏமாந்தால் சாலிஹுக்கு மாத்தளையிலேயே வேலை. பிடித்துவிட்டால் மனைவியை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ள பல்லேகமவுக்கு மாற்றல்.

3
மனைவி நூருன்னிஸா இளஞ்சூட்டு மெழுகில் கட்டைவிரலை அழுத்தினாள். அந்தக் குழியில், அவள் நோன்பு திறக்கக் காய்ச்சிய கடற்பாசியை சாலிஹ் ஊற்றினான். உறைந்ததும் கோடு கோடாக அவள் விரல் அப்படியே வந்தது. மனுஷன் பூரித்துப்போய் அதை ஒரு கண்ணாடித் துண்டில் ஒற்றினான்; அசலுக்கு இன்னொன்றில் அவள் விரலைப் பதித்தாள். (காற்றுக் குமிழ் விழுந்திருந்தால் போலி காட்டிக்கொடுத்துவிடும். விழாமல் பார்த்துக்கொண்டது நான்.)

காலையில் பார்த்தால் போலி ரேகையில் எறும்பு.

"யா அல்லாஹ்! சீனி போட்ட பொறகா எடுத்தீங்க?"

"நோன்பு வாயால ருசி பாக்க ஏலுமா?"

இன்னொன்று செய்ய நேரமில்லை. சாலிஹுக்கு அழுகையே வந்துவிட்டது.

(இங்கே நூருன்னிஸாவையும் அழவைத்து இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். அவள் அழுகிற ஆளில்லை.)

அசல் துண்டைத் துடைத்தாள். சீனித் தண்ணீரில் விரலை லேசாகத் தொட்டு அதில் மறுபடி அழுத்தினாள்.

"இப்ப ரெண்டுக்கும் எறும்பு வரும். போங்க."

4
கணபதி வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னப்பா, பரீட்சைக்கு வந்தியா, பலகாரக் கடை போட வந்தியா?"

எறும்புகளை ஊதிவிட்டு, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார்.

முதல் முடிவு: ஏமாந்தார். இரண்டாவது: பிடித்துவிட்டார். எதை வைப்பதென்று தெரியாமல் நூருன்னிஸாவின் வீட்டை எட்டிப் பார்த்தேன். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

"அவர பல்லேகமவுக்குப் போட்டா நானும் போறேன். போடாட்டி அவுத்துட்டாப் போச்சு. நீங்க ஏன் மொகத்தத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீங்க?"

எனக்கு வேலையில்லாமல் போயிற்று. அதோ, கணபதியின் விரல் ஒரு துண்டை நோக்கி நீள்கிறது. எந்தத் துண்டு என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.