கண்ணாடிக்குக் கீழே

அன்று காலை அந்த விஞ்ஞானி தன் சொந்த ஆய்வுக்கூடத்துக்குள் தவழ்ந்து போனாள். ஐஸ் தட்டை முன்னால் தள்ளிக்கொண்டு, தூரிகையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கதவை முழங்கையால் திறந்தாள். திருட வந்தவன்கூட இத்தனை அடக்க ஒடுக்கமாக ஒரு அறைக்குள் நுழைந்திருக்க மாட்டான். நீள மேசைக்கு அடியில் ஒரு குட்டி முக்காலி. அதன் மேல் நுண்ணோக்கி. இரண்டு வாரமாக அவளுடைய ஆராய்ச்சி நடப்பது அங்கேதான்.

எழுந்து நின்றால் போச்சு. சுவரில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். அந்தப் பக்கம் இரண்டரை வயது மகள், சட்டத்தில் மோவாயை வைத்துக்கொண்டு அம்மா எப்போது தென்படுவாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காத்திருப்பாள். அம்மாவின் தலைமயிர் ஒன்று தெரிந்தால் போதும், மூன்று மாடிக் கட்டடம் அஸ்திவாரத்தோடு ஆடுகிற மாதிரி ஒரு அழுகை. மாடியில் தராசு வைத்து எடை பார்க்கிறவர்கள், முள் நடுங்குகிறது என்று புகார் எழுதிப் போட்டார்களாம்.

அந்தக் கண்ணாடி இயக்குநரின் யோசனை. பெண் விஞ்ஞானிகள் குடும்பத்தையும் ஆராய்ச்சியையும் சேர்த்துச் சமாளிக்க உதவ வேண்டும் என்று நல்ல மனதோடுதான் குழந்தைகள் அறையைக் கட்டினார். தாயும் பிள்ளையும் நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று குழந்தையின் கண் உயரத்தை அவரே குனிந்து அளந்து கண்ணாடியைப் பதித்தார். அவள் ஒருநாள் அதில் பழுப்புத் தாளை ஒட்டிப் பார்த்தாள். “எதுக்கும்மா இதை மறைக்கிறே? நாலு பேர் வந்து பார்க்க வேண்டாமா?” என்று தன் கையாலேயே கிழித்தார்.

அறை திறந்த அன்றே வீட்டில் இருந்த உதவியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டது. “அதான் ஆபீஸ்லயே எல்லாம் பண்ணிக் குடுத்துட்டாங்களே, இனிமே நான் எதுக்கு?” என்று மாமியார் பெரிய மகன் வீட்டுக்குக் கிளம்பினார். “குடுத்து வெச்சவடி நீ” என்றான் கணவன். அதற்கப்புறம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், சளி பிடித்தாலும், அவன் கைப்பேசியில் அனுப்பியது ஒரு வாழ்த்துப் பொம்மை மட்டும்தான்.

அவளை அங்கே எல்லாரும் ஈக்காரம்மா என்பார்கள். வளர்ப்பது பழ ஈ. கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈயை, ஆண் ஈ நெருங்குவதற்குள் தனியே பிரித்து எடுத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் பிசகினாலும் யார் பிள்ளை யார் என்று தெரியாத குடும்பமாகிவிடும். பல தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வம்சம் குப்பை. போன வாரக் காய்ச்சலில் மற்ற புட்டிகள் எல்லாம் அப்படித்தான் போயின. மிச்சம் இந்த ஒன்று. இதுவும் போனால் காட்ட முடிவு இல்லை. முடிவு இல்லையென்றால் வருடக் கடைசியில் வேலையும் இல்லை.

ஈக்களை ஐஸ் மேல் கொட்டினாள். எல்லாம் மல்லாந்து தூங்கின. அதிகம் குளிர்ந்தால் செத்துவிடும், ஐஸ் உருகினால் எழுந்துவிடும்; அதற்குள் தூரிகை நுனியால் பெண் ஈக்களை ஒதுக்கிவிட வேண்டும்.

கதவு கொஞ்சம் திறந்தது. குழந்தைகள் அறை ஆயா.

“அக்கா, உள்ள இருக்கீங்களா?”

“இல்ல.”

“சரி, இல்லாதவங்களுக்கு ஒரு சேதி. டைரக்டரய்யா வர்றாரு. பின்னாடியே ஒரு கல்யாணக் கூட்டம்.”

அவள் ஐஸ் தட்டை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அதற்குள் பளபளக்கும் சப்பாத்துகள் கதவு வழியே பெருகி வந்தன.

“பாருங்க, அம்மா இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம். நடுவுல ஒரு கண்ணாடி. பிரச்சினை தீர்ந்தது!” என்றார் இயக்குநர். பிறகு, “அம்மா எங்க?”

“இங்கதான் சார்.”

சப்பாத்துகள் திடுக்கிட்டு விலகின. இயக்குநரின் முகம் தலைகீழாக மேசைக்கடியில் வந்தது.

“ஏதாவது கீழ விழுந்துடுச்சாம்மா?”

“நான்தான் சார்.”

“நல்லா பேசறே! எழுந்திரு, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

“எழுந்தா குழந்தை அழுவா. அழுதா நான் போகணும். நான் போனா இதெல்லாம் முழிச்சுக்கும் சார்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை புது முகங்களைக் கண்டுவிட்டது. அதன் உதடு பிதுங்கியது. முன்பு ஒருமுறை அந்த அழுகையை முழுசாகக் கேட்டவர் இயக்குநர். “உட்காருங்க! எல்லாரும் கீழ உட்காருங்க!” என்று கிசுகிசுத்தார். பட்டம் பெற்றவர்கள், பரிசு பெற்றவர்கள், பெரிய பெரிய அவைகளில் தலைமை தாங்கியவர்கள் அத்தனை பேரும் ஒரு பிஞ்சுக்குப் பயந்து, கோழிக்கூட்டில் அடைகிற மாதிரி மேசைக்கடியில் நெருக்கியடித்துக் குந்தினார்கள்.

அவள் தோளோடு ஒட்டி உட்கார்ந்த நரைத்த தலை அம்மாள் காதோடு சொன்னார்: “என் முதல் கட்டுரை முழுக்கக் குளியலறையில உட்கார்ந்து எழுதினதுதான். தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? வெளியில இருந்தே தாழ்ப்பாளை நெம்பற அளவுக்குப் பெரியவன் வளர்ந்துட்டான்.”

இயக்குநர் மோவாயைத் தடவியபடி கண்ணாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

“குறை எங்கன்னு புரிஞ்சுபோச்சும்மா. பாதி தெரியறதாலதான் குழந்தை ஏங்குது. அடுத்த மாசமே கண்ணாடியைத் தரை வரைக்கும் இறக்கிடறேன்.”

“பிரமாதம்” என்றது ஒரு குரல். சத்தம் வராமல் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

அத்தனை பேரின் மூச்சுச் சூட்டில் ஐஸ் ஓரங்களில் கண்ணாடியாக மின்னி உருகியது. அவள் தூரிகையை நீட்டப் பார்த்தாள். முழங்கையைக் கோட்டுப் போட்ட ஒரு தோள் அழுத்திக்கொண்டிருந்தது; முதுகில் யாருடைய முழங்காலோ. நுண்ணோக்கியின் வெளிச்ச வட்டத்தில், சற்றுமுன் பிறந்த வெளிறிய பெண் ஈ ஒன்று, இன்னும் விரியாத இறக்கைகளோடு மல்லாந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கறுத்த ஆண் ஈ ஒன்று முதலில் ஒரு காலை அசைத்தது. பிறகு புரண்டு எழுந்து, இறக்கையை உதறிக்கொண்டு, அதை நோக்கி நடக்க ஆரம்பித்தது.