முளைப்பாரி வீட்டில் நான் சொல்லாதது

1

வெட்கம் தாங்காமல் இந்தக் கதைக்குப் பதிலாக இரண்டு கதைகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் குருவம்மாள் என்று ஒருத்தி. அவளுக்கு என் நாற்பத்தொன்பது வயதையும் என் மாத்திரையையும் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். இரண்டாவதில் தேவாரம் ஊர் மலைப்பக்கத்திலிருந்து ஒரு யானை இறங்கி வந்து முளைப்பாரிச் சட்டிகளை மிதித்துவிட்டுப் போனது. அந்த யானைக்கு இந்தக் கதையில் என்ன சோலி? அது மிதித்துவிட்டால் யார் மேலும் தப்பில்லை, அதுதான். இரண்டையும் கிழித்துவிட்டேன். இனி ‘நான்’ என்றே எழுதுகிறேன்.

2

எட்டு மாதமாக எனக்கு விலக்கு வரவில்லை. உடம்பெல்லாம் தகதகவென்று எரியும். தூக்கம் கிடையாது, காரணமில்லாமல் அழுகை வேறு. டாக்டரம்மா ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்து, இது நிற்கப்போகிற காலம், முழுசாக நின்றதாக நினைத்துவிடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். நான் ஊரில் சொன்னது: நின்றுவிட்டது.

(இதை அடிக்குறிப்பாகப் போடலாமென்று இருந்தேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால்தான் அந்த ஆசை.)

நாங்கள் போடியில் இருந்தாலும் கோயில் குரங்கணி ரோட்டில், மலையடியில். பங்குனிப் பொங்கலுக்கு ஒரு இருட்டறையில் சட்டிகளில் பயறு விதைத்து, ஒன்பது நாள் தண்ணீர் தெளித்து முளைப்பாரி வளர்ப்போம். விலக்கு நின்ற பெண்கள்தான் உள்ளே போகலாம். கோயில் காரியம் பார்க்கும் மொக்கம்மாள் அத்தை இந்த வருடம் என்னையும் அமுதவள்ளியையும் சொன்னார். அமுதவள்ளிக்கு நாற்பத்திரண்டுதான். ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கிறாள். நான்கு வருடம் முன்பு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். என் பெயரைச் சொன்னதும் எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

3

காப்புக் கட்டிய அன்றே மாத்திரையை நிறுத்தினேன். டாக்டரைக் கேட்கவில்லை. உடம்பை ஏமாற்றுகிற மாத்திரை, விரதத்தில் அது எதற்கு என்று நானே முடிவு கட்டினேன்.

ஐந்தாம் நாள் காலையில் பாவாடையில் கட்டைவிரல் நகமளவு பழுப்புக் கறை.

சொல்லியிருக்கலாம். ‘அத்தை, எனக்குப் பட்டுருச்சு’ என்றால் முடிந்தது. ஒரு நாள் பேசுவார்கள், வேறொருத்தியைப் போடுவார்கள். நான் துணி வைத்துக்கொண்டு, இடுப்பு வலி என்று படுத்துவிட்டேன். மத்தியானத் தண்ணீர் என் முறை, சாயங்காலத் தண்ணீர் அமுதவள்ளி முறை. என்னுடையதையும் அவளையே பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

“நீங்க படுங்கக்கா. ஸ்டோர் விட்டு வந்து ரெண்டையும் சேத்து ஊத்திர்றேன்.”

மூன்று நாள் அப்படித்தான் இரண்டு வேளைத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினாள். எட்டாம் நாள் கதவைத் திறந்தால் ஏழு சட்டி அழுகிக் கிடந்தது.

4

தீட்டோடு யாரோ ஒருத்தி உள்ளே போயிருக்கிறாள் என்று முடிவானது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஏலத்தோட்ட முதலாளி பெண்டாட்டியை யார் கேட்பார்? அமுதவள்ளியைத்தான் கேட்டார்கள், ஆபரேசன் நிஜமா என்று.

“அக்காட்ட கேளுங்க,” என்றாள். “ஆஸ்பத்திரில எங்கூட இருந்ததே அவங்கதான்.”

இருந்தேன். ஐந்து நாள் இருந்தேன். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி எனக்கென்று தெரிந்ததால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இருக்கதெல்லாம் பொம்பளைகதான். தழும்பக் காட்டிரு, முடிஞ்சுபோகும்,” என்றார் மொக்கம்மாள் அத்தை.

அப்போது நான் முன்னால் வந்து, என்னாலதான் அத்தை என்று

(இந்த வாக்கியம் இதற்கு மேல் போகாது. நடக்காததை எப்படி எழுதி முடிப்பது?)

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே கொசுவத்தைத் தளர்த்திக் காட்டினாள். பார்த்தார்கள். மன்னிப்பு ஒருத்தியும் கேட்கவில்லை. வேறு ஊரிலிருந்து சட்டிகள் லோடு ஆட்டோவில் வந்தன. அவள் ஊர்வலத்துக்கு வரவில்லை. நான் துணியோடு முதல் வரிசையில் சட்டி சுமந்தேன். சீ.

5

திடீரென்று மாத்திரையை விட்டால் இப்படிப் படுவதுண்டு என்றார் டாக்டரம்மா. எதற்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தேன், ஒன்றுமில்லை.

முடிவு அ: ஸ்டோருக்குப் போய் அவளிடம் சொல்கிறேன். வாசல் வரை ஒருநாள் போனேன். உள்ளே காய் பிரிக்கிற பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

முடிவு ஆ: அவளுக்கு முதலிலேயே தெரியும், நான் துவைத்துப் போட்ட துணியைப் பார்த்துவிட்டும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதை எழுதி அடித்தேன். அவளை இவ்வளவு நல்லவளாக்கினால் வசதி எனக்குத்தான்.

பத்திரிகைக்கு அனுப்ப நேற்று திருத்தி எழுதினேன். யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதென்று ஊரை நகர்த்தினேன். அத்தையின் பெயரை மாற்றினேன். கடைசியாக வாசிக்கும்போதுதான் பார்த்தேன், அமுதவள்ளி பெயரை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். இரண்டாம் முறையும் அவளையே எல்லார் முன்னாலும் நிறுத்திவிட்டேன்.

அவள் பெயர் வரும் இடங்களையெல்லாம் நீங்களே அடித்துவிடுங்கள். யாராவது ஒருத்தியின் நிஜப் பெயர் இதில் இருந்தே ஆகவேண்டுமென்றால் என்னுடையதைப் போடுங்கள். என் பெயர்